காவிரியா, போரா, மழைத் தண்ணீரா? பெங்களூருத் தொட்டியில் ஆப்பிரிக்கக் கில்லி மீன்கள்: உங்களுக்குத் தெரியுமா?

◆ முட்டையிலிருந்து வெளியே வந்த 14-ஆவது நாளில் தானே முட்டையிடத் தயாராகிவிடும் மீன் ஒன்று இருக்கிறது. பெயர் நோத்தோபிராங்கியஸ் ஃபர்சேரி. மொசாம்பிக்கின் மழைக்குட்டைகளில் இதைக் கண்காணித்த செக் நாட்டு ஆய்வாளர்கள் 2018-இல் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் இத்தனை சீக்கிரம் பருவமடையும் இன்னொன்றை இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை. அவசரத்துக்குக் காரணம் தண்ணீர்தான். குட்டை நிறைந்த சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வற்றிவிடும். அதற்குள் பிறந்து, வளர்ந்து, சண்டை போட்டு, முட்டையிட்டு முடித்தாக வேண்டும்.

◆ கடையில் இந்த மாதிரி மீன்களையெல்லாம் 'ஆப்பிரிக்கன் கில்லி' என்று ஒரே பெயரில் கொடுப்பார்கள். அது பாதித் தகவல்தான். ஆப்பிரிக்காவின் சிறு கில்லி மீன்களில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு. கிழக்கே தான்சானியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே பக்கத்துப் புல்வெளிகளில் மழைக்குட்டையில் வாழும் நோத்தோபிராங்கியஸ் வகை ஒன்று. மேற்கிலும் நடுவிலும் நைஜீரியா, கேமரூன், காபோன் காட்டோடைகளில் வாழும் அஃபியோசெமியான், ஃபண்டுலோபாஞ்சாக்ஸ் வகை இன்னொன்று. முன்னது வெயிலில் கிடக்கும் கலங்கல் தண்ணீர்க்காரர், பின்னது மர நிழலில் ஓடும் தேநீர் நிறத் தண்ணீர்க்காரர். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டு 'கில்லி வளர்ப்பது கஷ்டம்' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். எந்த ஊர் மீன் என்று முதலில் கேளுங்கள். பி.எச். எவ்வளவு என்ற கேள்வி அப்புறம்.

◆ மழைக்குட்டை மீனுக்கு மழை மட்டும் போதாது, மண்ணும் சரியாக அமைய வேண்டும். பிரையன் வாட்டர்ஸ் என்ற நிலவியல் பேராசிரியர் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி, நோத்தோபிராங்கியஸ் இருக்கும் குட்டைகளின் அடிமண்ணைப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் கறுப்புக் களிமண்! கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்தாலும் உள்ளே ஈரத்தை விட்டுக்கொடுக்காத அந்த மண்ணில்தான் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கின்றன. பக்கத்திலேயே செம்மண் குட்டை இருந்தால் அதில் மீன் இருக்காது. இந்தக் கணக்கின்படி கர்நாடகத்தில் விஜயபுரா, கலபுரகிப் பக்கத்து மண் பொருந்தும். பெங்களூரின் செம்மண் பொருந்தாது.

◆ அந்தக் குட்டைத் தண்ணீர் எப்படி இருக்கும்? ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் சரியான பதில். நிறைந்த புதிதில் மழைத் தண்ணீரின் மென்மை. வெயிலில் வற்ற வற்ற உப்பும் தாதுவும் கெட்டியாகிக்கொண்டே போகும். காலையில் 20 டிகிரியைச் சுற்றி இருக்கும் வெப்பம் மதியம் 35-ஐத் தொடும். ஒரு முழம் ஆழத்தில் கைவிட்டால் விரல் தெரியாத அளவுக்குச் சேறு. இதையெல்லாம் தாங்கி வந்த மீன், நம் போர் தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிடாது.

◆ பெங்களூரு வீடுகளில் மூன்று தண்ணீர் உண்டு, மூன்றுக்கும் குணம் வேறு.

காவிரி: நூறு கிலோமீட்டர் தள்ளி, தொரெகாடனஹள்ளியில் சுத்திகரித்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அவ்வளவு கடினமில்லாத தண்ணீர், ஆனால் குளோரின் உண்டு. அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு.

போர்: பாறை இடுக்கில் வருடக்கணக்கில் ஊறிய தண்ணீர். சுண்ணாம்புச் சத்து நிறைய. பாத்ரூம் குழாயில் படியும் வெள்ளைப் படிவமே சாட்சி. நோத்தோபிராங்கியஸ் இதில் நன்றாகவே வாழும், காட்டோடை மீன் வாழும், ஆனால் முட்டை பொரிக்காமல் ஏமாற்றும்.

மழை: இதற்குத்தான் தனிக் குறிப்பு எழுத வேண்டும்.

◆ 2009-இல் பெங்களூரு குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பழைய கட்டடமென்றால் 2,400 சதுர அடி மனையிலிருந்து, புதிய கட்டடமென்றால் 1,200 சதுர அடியிலிருந்து. '30-க்கு 40 சைட்' என்று ஊரே பேசும் அந்தச் சின்ன மனையின் அளவு 1,200 சதுர அடி. அவ்வளவு பரப்புள்ள மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,100 லிட்டர் விழுகிறது. ஒரு கில்லி ஜோடிக்கு வேண்டியது 10 லிட்டர். காபோன் காட்டு மீனுக்கு இதைவிட நெருக்கமான தண்ணீரை எந்தக் கடையும் பாட்டிலில் அடைத்து விற்கவில்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். கோடை முடிந்து பெய்யும் முதல் சில மழைகளை விட்டுவிடுங்கள், மாடியின் தூசியும் புகைக்கரியும் அதில்தான் இறங்கும். அப்புறம், மழைத் தண்ணீரை அப்படியே தனியாக ஊற்றாதீர்கள். தாதுவே இல்லாத தண்ணீரில் பி.எச். நிலைகொள்ளாமல் திடீரென்று சரியும். நாலு பங்கு மழைக்கு ஒரு பங்கு காவிரி கலந்தால் நிலைக்கும்.

◆ 'எங்கள் அபார்ட்மெண்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கிறதே' என்று ஒரு சமாதானம் அடிக்கடி கேட்கலாம். அந்த மெஷின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், கீசர் பிழைக்கும். ஆனால் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பாருங்கள், எண் இறங்கியே இருக்காது. குளியலுக்கு மென்மையான தண்ணீர், மீனுக்கு அதே பழைய உப்புத் தண்ணீர். காட்டோடை மீன் வளர்ப்பவர்களுக்கு ஆர்.ஓ. தண்ணீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலப்பதே சரி.

◆ ஹீட்டர் விற்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் பெங்களூரில் பெரும்பாலான காட்டோடைக் கில்லிகளுக்கு ஹீட்டர் வேண்டாம். கேமரூன், காபோன் காடுகளில் வெயில் தரையைத் தொடாது. ஓடைத் தண்ணீர் 21 முதல் 24 டிகிரிக்குள் நிற்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், அறைக்குள் வைத்த தொட்டி வருடத்தில் முக்கால்வாசி நாள் அதே வெப்பத்தில்தான் இருக்கிறது. சென்னை நண்பர்கள் இதே மீனுக்காக ஏ.சி. அறையைத் தேடுகிறார்கள்.

விதிவிலக்கு ஏப்ரல். 2016 ஏப்ரல் 24 அன்று பெங்களூரு 39.2 டிகிரியைப் பார்த்தது, அதுவரை இல்லாத உச்சம். அந்த மாதிரி நாட்களில் தொட்டியை மேல் அலமாரியிலிருந்து தரைக்கு இறக்குங்கள். சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி வேண்டாம்.

◆ வெப்பம் கூடினால் ஆயுள் குறையும். ஃபர்சேரி மீனை 25 டிகிரியிலும் 22 டிகிரியிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வந்தது. குளிர்ந்த தண்ணீரில் இருந்தவை கூடுதல் நாள் வாழ்ந்தன, தளர்ச்சியும் தாமதமாகவே வந்தது. மனிதருக்கு மூப்பு ஏன் வருகிறது என்று தேடும் ஆய்வகங்கள் இந்த மீனை விரும்புவதற்குக் காரணம் எளிது. எலி கிழமாக இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1968-இல் ஜிம்பாப்வேயின் கோனாரெஜூ காட்டில் ரிச்சர்ட் ஃபர்சர் பிடித்துவந்த மீன்களின் வழித்தோன்றல்கள் மூன்று மாதத்திலேயே முதுமை அடைந்துவிடுகின்றன. நிறம் மங்கி, முதுகு வளைந்து, கற்றதையும் மறந்து. 2015-இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியாகிவிட்டது.

◆ நோத்தோபிராங்கியஸ் முட்டைக்குத் தூக்கம் ஒன்றல்ல, மூன்று. கரு உருவாகும் முன்பே ஒன்று, பாதி வளர்ந்ததும் ஒன்று, கண்ணும் உடலும் முழுமையாகி வெளியே வரத் தயாரான பிறகு ஒன்று. ஜான் வோர்ம்ஸ் என்ற விலங்கியலாளர் 1972-இல் இதை ஒழுங்குபடுத்தி எழுதினார். எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. பொய்மழை பெய்து குட்டை உடனே வற்றினால் விழித்தவை போய்விடும், தூங்கியவை அடுத்த மழைக்கு இருக்கும். வளர்ப்பவர்களுக்கு இதில் லாபம் உண்டு. முட்டைகளை வைத்து ஒருமுறை பொரித்து முடித்த பீட்டை (ஈரம் தாங்கும் மக்கிய பாசித் தூள்) தூக்கி எறியாமல் உலர்த்தி வைத்தால், சில வாரம் கழித்து இன்னொரு ஈடு குஞ்சுகள்.

◆ இந்த மீனின் முட்டைகள் தபாலில் போகும். தண்ணீரே இல்லாமல்தான்! ஈரப்பதமான பீட்டில் முட்டைகளைக் கலந்து, சின்ன ஜிப் கவரில் போட்டு, மேலே இனத்தின் பெயரும் 'எந்தத் தேதியில் நனைக்க வேண்டும்' என்பதும் எழுதி, உறையில் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கு இப்படித்தான் பரவியது.

◆ வெளிநாட்டுப் புத்தகங்கள் பீட் மாஸ் என்று எழுதும். நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டாம், பொள்ளாச்சியிலிருந்து நர்சரிகளுக்கு வரும் கோகோ பீட் கட்டி போதும். வேலை மட்டும் கொஞ்சம் உண்டு. தென்னை நார்க் கழிவில் உப்பு ஏறியிருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, வடியும் தண்ணீரின் காப்பி நிறம் வெளுக்கும்வரை அலச வேண்டும். ஒருமுறை கொதிக்கவைத்தால் கூடுதல் நிம்மதி. ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு விரல் உயரம் இதைப் பரப்பி, மூடியில் மீன் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, தொட்டிக்குள் வைத்தால் ஜோடி தானே உள்ளே போகும். ஆண் தன் முதுகுத் துடுப்பைப் பெண்ணின் மேல் மடித்துப் பிடிக்கும், இரண்டும் ஒரு நடுக்கம் நடுங்கி விலகும், ஒரு முட்டை பீட்டுக்குள் இறங்கியிருக்கும். இது நாள் முழுக்க நடக்கும்.

வாரம் ஒருமுறை பீட்டை வலையில் வடித்து, கையால் பிழிந்து, செய்தித்தாளில் சில மணி நேரம் பரப்புங்கள். புதிதாகப் பிரித்த சுருட்டுப் புகையிலையின் ஈரம் இருக்க வேண்டும் என்பது பழைய வளர்ப்பாளர்கள் சொல்லும் அளவு. பிழிந்தால் சொட்டக் கூடாது, கிள்ளினால் தூளாகவும் கூடாது. கவரில் அடைத்து அலமாரியில் வைத்துவிடலாம். சான்சிபார் தீவுக்காரரான நோத்தோபிராங்கியஸ் குந்தேரி சுமார் மூன்று மாதம் கேட்கும். மொசாம்பிக்கின் ராக்கோவி அரை வருடத்துக்கு மேலும் இழுக்கும்.

◆ முட்டை பொரிக்கப் பீட்டை நனைப்பதற்கு 16 முதல் 18 டிகிரிக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஆப்பிரிக்காவின் முதல் மழையும் குளிர்ந்ததுதான். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி விடியலில் பால்கனி வாளித் தண்ணீர் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வந்துவிடும், ஃப்ரிட்ஜ் தேவையில்லை. ஊற்றிய சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும். அன்றே ஆர்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு தின்னும். ஆகவே பீட்டை நனைப்பதற்கு முந்தைய நாளே ஆர்டீமியா முட்டைகளை உப்புத் தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். சில குஞ்சுகள் நீந்தாமல் வயிற்றால் தவழும். காற்றுப்பை நிரம்பாதவை, அவை தேறா.

◆ காட்டோடைக் கில்லிகளுக்குப் பீட் வேண்டாம், உல்லன் நூல் போதும். கரும்பச்சை அக்ரிலிக் நூலை ஒரு சாண் நீளத்துக்கு நாற்பது ஐம்பது இழை வெட்டி, நடுவில் கட்டி, ஒரு தெர்மாகோல் துண்டில் தொங்கவிட்டால் மீனுக்கு அது வேர்க்கொத்து. நாலு நாள் கழித்து எடுத்துப் பிழிந்து, வெளிச்சத்தில் இழை இழையாகப் பிரித்தால் முட்டைகள் கடுகளவு கண்ணாடி மணிகளாக ஒட்டியிருக்கும். விரலால் எடுக்கலாம், உடையாது. உடைந்தால் அது முன்பே செத்த முட்டை. எடுத்தவற்றைத் தொட்டித் தண்ணீரிலேயே சின்ன டப்பாவில் போட்டு இருட்டில் வைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் முட்டைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் தங்க வளையத்தோடு நம்மைப் பார்க்கும். வெளுத்தவற்றைத் தினமும் பொறுக்கி எறியாவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும்.

◆ தேநீர் நிறத் தண்ணீருக்கு மருந்துக்கடை திரவம் எதுவும் வேண்டாம். பெங்களூருத் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரம் (பாதாம் மரம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்) பழுத்துச் சிவந்து உதிர்க்கும் இலை ஒன்று, 10 லிட்டருக்கு. புகை அடர்ந்த மெயின் ரோட்டு மரத்தடியில் பொறுக்காமல் பூங்காவில் பொறுக்குங்கள். பச்சை இலை ஆகாது.

◆ முதல் மீனுக்கு என் சிபாரிசு: ஃபண்டுலோபாஞ்சாக்ஸ் கார்டனேரி. நைஜீரியா, கேமரூன்காரர். ஆறு சென்டிமீட்டர், நீல உடம்பில் சிவப்புப் புள்ளி. காவிரித் தண்ணீர், பெங்களூரு வெப்பம் இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்று வைத்தால் பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

இரண்டாவதாக, கிளவுன் கில்லி. சியரா லியோன், கினி, லைபீரியா சதுப்புகளில் வாழும் நாலு சென்டிமீட்டர் மீன். கறுப்பு வளையங்கள், ராக்கெட் நெருப்பு மாதிரி வால். அழகில் இதுதான் முதலிடம், ஆனால் மேல் பரப்பை விட்டு இறங்காது, வாய் மிகச் சிறியது, பரபரப்பான மீன்களோடு விட்டால் பட்டினி கிடக்கும். டிசம்பர் இரவுகளில் இதற்கு மட்டும் ஹீட்டர் போடலாம்.

◆ நோத்தோபிராங்கியஸ் தொட்டியில் கொஞ்சம் கல்லுப்பு இருப்பது நல்லது. உடம்பில் தங்கப்பொடி தூவியது போல் தெரிந்தால் ரசிக்காதீர்கள், அது வெல்வெட் நோய். இந்த மீன்களின் முதல் எதிரி. பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு அதைத் தள்ளி வைக்கும். காட்டோடை மீனுக்கு இந்த வழக்கம் வேண்டாம்.

◆ 2024 மார்ச்சில் பெங்களூரு வறண்டபோது, குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. டேங்கரை நம்பியிருந்த வைட்ஃபீல்டு, மாரத்தஹள்ளிப் பக்கம் 200 லிட்டர் தொட்டிக்காரர்கள் தவித்தார்கள். கில்லிக்காரர்களின் கணக்கு வேறு. வாரம் மூன்று லிட்டர் மாற்றினால் போதும், வடித்த தண்ணீர் துளசிக்கு. அதே ஆண்டு அக்டோபர் 16-இல் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்து, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர ஏற்பாடானது. போர் தண்ணீருக்குப் பழகிய மீனைக் காவிரிக்கு மாற்றுகிறவர்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கலக்கவும். நல்ல தண்ணீர்தானே என்று ஒரே நாளில் மாற்றினால் நல்ல தண்ணீரே கொல்லும்.

◆ ஆப்பிரிக்காவைப் பற்றியே பேசுகிறோம், நம் ஊரிலும் கில்லி மீன் உண்டு. குடகிலும் மலநாட்டு ஓடைகளிலும் காணப்படும் அப்லோகைலஸ் லீனியேட்டஸ் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். கேரளத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டம் மானத்துக்கண்ணி. கடைகளில் 'கோல்டன் வொண்டர்' என்று விற்பது இதன் மஞ்சள் வளர்ப்பு வகைதான், வெளிநாட்டு மீன் என்று நினைத்து வாங்கிப்போகிறோம். இதன் தம்பி அப்லோகைலஸ் பார்வஸுக்கு அறிவியல் பெயரிட்டவர் சென்னை மீன்களை ஆராய்ந்த பி. சுந்தரராஜ், 1916-இல். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநரானவர்.

இந்த மீன்களுக்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்கக் கண்டத்தில் இல்லை, மடகாஸ்கரிலும் சேஷெல்ஸ் தீவுகளிலும் இருக்கிறது. பச்சிபாஞ்சாக்ஸ் என்று பெயர். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன, உறவு இன்னும் மரபணுவில் நிற்கிறது.

◆ வற்றும் குட்டையில் ஒரு மழைக்காலம் மட்டும் வாழும் மீன் இந்தியாவில் கிடையாது. ஆனால் அதே தந்திரம் தெரிந்த தேவதை இறால்கள் உண்டு. கோடையில் முட்டையாகப் புழுதியில் கிடந்து, மழை தேங்கியதும் தலைகீழாக நீந்தத் தொடங்கிவிடும். ஆப்பிரிக்கக் குட்டைகளில் நோத்தோபிராங்கியஸின் பிடித்த சாப்பாடு இதன் உறவினர்களே.

◆ கொசுப்புழுவைத் தின்ன 1928-இல் இத்தாலியிலிருந்து பெங்களூருக்குக் கம்பூசியா மீனைக் கொண்டுவந்தார்கள். கில்லிகளின் தூரத்துச் சொந்தம், குட்டி போடும் வகை. அது கொசுவோடு நிற்காமல் உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் தின்னும், துடுப்பையும் கடிக்கும். நம் மானத்துக்கண்ணியும் கொசுப்புழு தின்னும். 1990-களில் கோவாவில் மலேரியாவுக்கு எதிராக அப்லோகைலஸ் பிளாக்கியை இறக்கிச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் நோத்தோபிராங்கியஸ் மலேரியாவை அடக்க உதவும் என்று வாண்டர்பிளாங்க் என்பவர் 1941-லேயே எழுதினார். என்றாலும் உங்கள் ஆப்பிரிக்க மீனை ஹெப்பாலிலோ அல்சூர் ஏரியிலோ விட வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றால் இந்த ஏரிகள் பட்டது போதும்.

◆ விண்வெளிக்குப் போன முதல் மீன் ஒரு கில்லி. 1973-இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தில் மம்மிசாக் என்ற வகை. ஆரம்பத்தில் மேல் கீழ் புரியாமல் வட்டமடித்தது, பிறகு விளக்கு இருக்கும் பக்கத்தையே மேலே என்று வைத்துக்கொண்டு நேராக நீந்தியது. ஆப்பிரிக்க மீனல்ல, அமெரிக்கக் கடலோரத்தது.

◆ டப்பாவில் 'கார்டனேரி – மகுர்தி', 'கார்டனேரி – மிசாஜே' என்று எழுதியிருந்தால் இரண்டாவது சொல் ஊர்ப்பெயர். மகுர்தி நைஜீரியாவில், மிசாஜே கேமரூனில். ஒரே இனம்தான், ஆனால் நிறம் வேறு. இரண்டு ஊர் மீனையும் கலந்து இனப்பெருக்கம் செய்வதைக் கில்லி வளர்ப்பவர்கள் ஒருபோதும் செய்வதில்லை. ஊர்ப்பெயர் தொலைந்த மீனைத் தீவிர வளர்ப்பாளர்கள் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

◆ மூடியில்லாத தொட்டியில் கில்லி நிற்காது. பழைய கொசுவலையை இழுத்துக் கட்டினாலும் சரி, கண்ணாடியாக இருந்தாலும் சரி, ஏர் பம்ப் குழாய் நுழையும் மூலையைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். இது குதித்து வெளியேறத் தேர்ந்தெடுப்பது எப்போதும் அந்த மூலையைத்தான்.